ஸ்பீக்கருக்கு எடுத்த சோதனை

ஜூரோங்கில் கடலை ஒட்டி மேற்குமுனைக் கப்பல் பட்டறை என்று ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டு அங்கே கப்பல்கள் வருவது குறைந்துபோனது. கப்பல் குறைந்ததால் ஆட்களைக் குறைத்தார்கள். மிச்சம் இருந்த ஆட்களின் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

அதைப் பொழுதுபோக்கு அறையில் வைத்தார்கள். தொழிலாளர்கள் சாப்பிடும் கேன்டீனில் இரண்டு மின்விசிறிகள்தான். கம்ப்யூட்டருக்கு வெப்பம் ஆகாது என்பதால் அதற்கு ஏர்கான் போட்டுக் கண்ணாடிக் கதவு வைத்தார்கள். மதிய இடைவேளையில் இளைஞர்கள் போய் விண்கலங்களைச் சுட்டு விளையாடுவார்கள். யாரோ ஒருவர் அதில் பாட்டு வாசிக்கவும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

லாசரஸ் அங்கே துரு தட்டுபவர். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, அழுத்தக் காற்றால் ஓடும் சுத்தியலால் இரும்புச் சுவரில் ஏறியிருக்கும் பழைய துருவைத் தட்டி எடுப்பது அவர் வேலை. கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்து அதைத்தான் செய்கிறார். ஒரு நாள் அவரும் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனார். விண்கலங்கள் வெடித்துச் சிதறின. சுற்றி நின்ற பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இவ்வளவு செலவு செய்து வாங்கிய சாமான் ஊமையாக இருக்கிறதே என்று அவருக்குப் பட்டது.

அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதினார்: "கம்ப்யூட்டர் சத்தம் கேட்கவில்லை. சின்னதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் நன்றாக இருக்கும். விலை மலிவாக இருந்தால் போதும்." அதை யோசனைப் பெட்டியில் போட்டார்.

அந்தப் பெட்டியில் அதுவரை மிட்டாய்த் தாள்களும், கேன்டீன் மீன் குழம்பைப் பற்றிய பெயர் போடாத இரண்டு வசவுகளும்தான் விழுந்திருந்தன. பெட்டிக்குப் பொறுப்பாளர் உற்பத்தித்திறன் மேம்பாட்டு மேலாளர் பெர்னார்ட். மாதக் கடைசியில் எத்தனை யோசனை வந்தது என்று மேலே கணக்குக் காட்ட வேண்டியவர். அவர் லாசரஸைக் கூப்பிட்டு அனுப்பினார். இருவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். பெர்னார்ட் தமிழ்ப் பூசையில் வாசகம் படிப்பவர். லாசரஸ் பாட்டுக் குழுவில் கடைசி வரிசை.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேனா?"

"தப்பா? லாசரஸ், இது ஒரு புரொஜெக்ட் லா. அடிமட்டத்துலேருந்து வந்திருக்கு. இந்த மாதிரி ஒண்ணுக்குத்தான் நான் ரெண்டு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்."

"கடையில போயி ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துட்டா முடிஞ்சிடும் சார்."

"முடிஞ்சிடும்தான். முடிஞ்சிட்டா புரொஜெக்ட் எங்கே இருக்கு?"

ஆறு பேர் கூடி ஒரு பிரச்சினையை ஆராயும் தர வட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. லாசரஸ், அவரோடு துரு தட்டும் வடிவேலு, வேறு பிரிவுகளிலிருந்து நான்கு பேர். வட்டத்துக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டங்கள் நடந்தன. 'நாதம்' என்று முடிவானது. சட்டையில் குத்திக்கொள்ள வில்லை அடிக்க ஒரு கூட்டம். தொடக்க விழாவில் பெர்னார்ட் மேடைத் தமிழில் பேசினார்:

"தொழிலாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் நிறுவனம் இது. நாம் கேட்கிறோம் என்பதற்கு நம்மிடம் ஆதாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்."

படம் எடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் மீன் முள் படம் வரைந்தார்கள். பிரச்சினையைத் தலையில் எழுதி, காரணங்களை முள் முள்ளாக எழுத வேண்டும். இயந்திரம் ஒரு முள், முறை ஒரு முள், மனிதர் ஒரு முள். மனிதர் என்ற முள்ளில் வடிவேலு எழுந்து போய் 'காது' என்று எழுதினார்.

"ஏன் காது?" என்று பெர்னார்ட் கேட்டார்.

"எங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி சத்தம் கேக்குது சார். லாசரஸ் அண்ணனுக்குத்தான் கேக்கல."

பெர்னார்ட் அழிப்பானை எடுத்து 'காது' என்பதை அழித்தார். "காதுன்னு எழுதினா பாதுகாப்புப் பிரிவு உள்ள வந்திடும். அப்புறம் புரொஜெக்ட் அவங்களோடது ஆயிடும்." அந்த இடத்தில் 'மனப்பான்மை' என்று எழுதினார்.

பாதுகாப்புப் பிரிவு காது விஷயத்தில் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. காதில் வைத்துக்கொள்ளும் மஞ்சள் அடைப்பான்கள் பட்டறையில் உண்டு. கொடுத்தால் தொலைத்துவிடுகிறார்கள் என்பதால் அவை கண்ணாடி அலமாரியில் இருந்தன. பரிசோதகர்கள் வரும் நாளில் காலையில் கொடுத்து, மாலையில் துடைத்து வாங்கி வைத்துவிடுவார்கள்.

விலை விசாரிக்க லாசரஸையும் வடிவேலுவையும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அனுப்பினார்கள். கேம்பல் லேனில் யாக்கூப் என்பவர் ரேடியோ, கேசட் பிளேயர் விற்கும் கடை வைத்திருந்தார். கடற்கரையோர ஊரிலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். கம்ப்யூட்டருக்கு என்றதும் மூன்று ஜோடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தப் பெரிய மரப்பெட்டி வேணாம், இதுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர் கேக்கும். இந்தச் சின்னது பேட்டரியில ஓடும், ஆனா பாட்டு போட்டா டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கும். நடுவுல இருக்குது பாருங்க, இது சுவத்துல செருகிட்டா போதும். கேம்ஸுக்கு மேல் சத்தம் தெளிவா வரணும், பாட்டுக்கு அடிச் சத்தம் வரணும். இந்த விலைக்கு ரெண்டும் சுமாரா வர்றது இதுதான். உள்ள காந்தம் இருக்கு, டிஸ்க் பக்கத்துல மட்டும் வச்சிடாதீங்க, எல்லாம் அழிஞ்சிடும்."

ஒரு கேசட்டைப் போட்டார். யாரோ ஒரு பாடகர், தபேலா, கூடவே ஜால்ரா. நடுவில் கை நீட்டி ஒரு குமிழைத் திருகினார். சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடி திருகினார்.

"எப்படிண்ணே, வித்தியாசம் தெரியுதா?"

"எதுல?" என்றார் லாசரஸ்.

யாக்கூப் இன்னொரு முறை திருகிக் காட்டினார். லாசரஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். வடிவேலு கடைக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேல் சத்தத்தை முழுசா மூடிட்டேன்ண்ணே. ஜால்ரா போயிடுச்சு. தெரியலையா?"

"இதுல ஜால்ரா இருக்கா?"

யாக்கூப் கேசட்டை நிறுத்தினார். எங்கே வேலை என்று கேட்டார். துரு தட்டுகிற வேலை என்றதும் குமிழிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நல்ல காது டாக்டராப் பாருங்கண்ணே. சத்தத்துல வேலை செஞ்சு காது போனா சட்டப்படி நஷ்டஈடு இருக்கு. எங்க மச்சானுக்குக் கிடைச்சிச்சு" என்றார். அன்று அவர் எதையும் விற்க முயலவில்லை.

வீட்டில் லாசரஸ் இதைச் சொன்னபோது அவர் மனைவி பிரிஜட் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி அவர் முகத்துக்கு நேராக நின்று பேசினாள். கொஞ்ச காலமாகவே அவள் அப்படித்தான் பேசி வருகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு எப்பவோ தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அவள் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாட்டுக் குழுவுல வாயை மட்டும் அசைங்கன்னு சொன்னாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"வயசாச்சு, தொண்டை போச்சுன்னு நினைச்சேன்."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் பிரிஜட்.

இதற்கிடையில் பெர்னார்ட் ஒரு கையேட்டைப் படித்துவிட்டார். எதையும் அளப்பதற்கு முன்னால் அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஸ்பீக்கரை அளக்கப் போகும் கருவி நாதம் வட்டத்தின் பன்னிரண்டு காதுகள். ஆகவே நிறுவனத்தின் டாக்டரை வரவழைத்து, தலையில் மாட்டும் கருவி வைத்து ஆறு பேரின் காதையும் சோதித்தார்கள். லாசரஸ் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நிறுவனம் அவர் காதைச் சோதித்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் நேர்மையானவர். லாசரஸுக்கு இரண்டு காதும் கெட்டுவிட்டது, இது சத்தத்தால் வந்தது, இனி திரும்பாது, முறைப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நான்கையும் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது. பெர்னார்ட் அவரை வெளியே அழைத்துப் போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு அவர் ஐந்தாவதாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் நான்கையும் திரும்பச் சொல்லவில்லை.

"சார், இதுக்குச் சட்டப்படி நஷ்டஈடு இருக்குன்னு சொல்றாங்க" என்றார் லாசரஸ்.

பெர்னார்ட் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லாசரஸ், நீங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும். இது ஸ்பீக்கருக்கு எடுத்த சோதனை. உங்க காதுக்கு எடுத்தது இல்ல."

"காதுலதான சார் வச்சாங்க."

"வச்சது காதுல. நோக்கம் ஸ்பீக்கர். இத வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது, அது முறை இல்ல."

"அப்ப என் காது?"

"உங்க காதைப் பத்தி நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம். காது கேக்காத ஆளைக் கப்பலுக்குள்ள அனுப்ப முடியுமா? கிரேன் மணி கேக்காம ஏதாவது ஆயிடுச்சுன்னா? நிப்பாட்டத்தான் வேணும். வெளிய நிலைமை எப்படி இருக்குன்னு பாக்குறீங்கல்ல." குரலைத் தாழ்த்தினார். லாசரஸ் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பொழுதுபோக்கு அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேணும். ஏர்கான் இருக்கு. சம்பளம் கொஞ்சம் குறையும். எனக்குக் காது நல்லா இருக்கு, குறை ஒண்ணும் இல்லன்னு ஒரு வரி, கீழ கையெழுத்து. அவ்வளவுதான்."

லாசரஸின் மகள் மதலேனா அந்த ஆண்டுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். அதே மாதம் பக்கத்துப் பட்டறையில் ஒரு பிரிவு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். லாசரஸ் கையெழுத்துப் போட்டார். பிரிஜட்டிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. முன் வரிசையிலிருந்த பெர்னார்ட் எழுந்து கடைசி வரைக்கும் நடந்து வந்து, லாசரஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து ஏதோ சொன்னார். சமாதானம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் தேர்வு முடிந்தது. யாக்கூப் காட்டிய அதே நடு ஜோடிதான். ஆனால் அவர் கடை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் யாக்கூப்பிடம் வாங்கி, மேலே தன் லாபத்தையும் வைத்து, பட்டறைக்கு விற்றார். வட்டத்தில் ஆறு பேருக்கும் போட்டுக் காட்டினார்கள். ஐந்து பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். லாசரஸ், "முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் சார் இருக்கு" என்றார். கேட்போர் திருப்தி எண்பத்து மூன்று சதவீதம் என்று வந்தது. அது போதாது என்பதால் லாசரஸை வட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திருப்தி நூறு சதவீதம் ஆனது. நாதம் வட்டத்துக்கு அந்த ஆண்டு தர வட்டப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

பாதுகாப்புப் பிரிவும் சும்மா இருக்கவில்லை. ஸ்பீக்கரின் குமிழில் மூன்றில் ஒரு பங்கில் சிவப்புக் கோடு போட்டு, அதற்கு மேல் திருகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 'அதிகச் சத்தம் செவிக்குக் கேடு' என்று நான்கு மொழிகளில் ஒரு பலகை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். சத்தத்தைப் பற்றி அந்தப் பட்டறையில் வைத்த முதல் பலகை அதுதான். பலகைக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அப்பால், வடிவேலுவும் மற்றவர்களும் ஒரு எண்ணெய்க் கப்பலுக்குள் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அதிர்வதை லாசரஸ் கை வைத்துத் தெரிந்துகொள்வார்.

சிவப்புக் கோட்டுக்கு மேல் யாரும் திருகாமல் பார்த்துக்கொள்வதே அவர் வேலை. அதற்குக் காது தேவைப்படவில்லை. இளைஞர்கள் வந்தார்கள், விளையாடினார்கள், பாட்டுப் போட்டார்கள். யாராவது, "எப்படி அங்கிள் பாட்டு?" என்று கேட்டால், "நல்லா இருக்குப்பா" என்பார். கையெழுத்துப் போட்டவர் வேறு எதைச் சொல்ல முடியும்.

பதக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு மற்றப் பட்டறைகளிலிருந்து ஒரு குழு பார்க்க வந்தது. பதினைந்து பேர், எல்லோரும் கழுத்தில் டை கட்டியவர்கள். பெர்னார்ட் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். லாசரஸுக்குப் புதுச் சட்டை கொடுத்தார்கள்.

"இதைத் தந்தது ஒரு சாதாரணத் தொழிலாளியின் குரல்" என்று பெர்னார்ட் ஆங்கிலத்தில் பேசினார். "அவருடைய தேவை என்ன என்று நாங்கள் ஆழமாக ஆராய்ந்தோம். கண்டுபிடித்தோம். அதன் பிறகு ஸ்பீக்கர் வாங்கினோம்." லாசரஸைப் பார்த்துக் கையசைத்தார்.

லாசரஸ் பாட்டைத் தொடங்கும் விசையை அழுத்தினார். திரையில் கோடுகள் தாளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கின. விருந்தினருக்காக வெளியே தட்டுவதை நிறுத்தியிருந்ததால், அறைக்குள் ஏர்கான் சத்தம் மட்டும் இருந்தது. காலையில் பெருக்க வந்த ரத்தினம்மா, துடைப்பம் போவதற்காக ஸ்பீக்கரின் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றியிருந்தாள். திரும்பச் செருக மறந்துவிட்டாள். ஸ்பீக்கர் வந்த பிறகு பெட்டியின் சொந்தச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

குழுவின் தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். தன் காதில் ஏதாவது கோளாறோ என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். பெர்னார்டின் நெற்றி வேர்த்தது. தலைவர் லாசரஸிடம், சத்தம் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பெர்னார்ட் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் லாசரஸுக்குக் கேள்வி தெரியும், ஒத்திகையில் வந்ததுதான்.

"ரொம்ப நல்லா கேக்குது சார்" என்றார்.

தலைவர் தலையசைத்தார். பக்கத்தில் இருந்தவர், கரகரப்பே இல்லை என்றார். இன்னொருவர், வேலை இடத்தில் தொந்தரவு இல்லாத அளவான ஒலி என்று பாராட்டினார். பாட்டு முடிந்து கோடுகள் நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு பெர்னார்ட் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கம்பி தரையில் கிடந்ததைக் காலால் காட்டினார்.

"பிளக் போடல. ஒரு சத்தமும் வரல. என் மானமே போக இருந்துச்சு. நீங்க ஏன் சொல்லல?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"என்ன எப்படித் தெரியும்? நீங்கதான இங்க பொறுப்பு?"

"எனக்குக் காது நல்லா இருக்குன்னு நீங்கதான சார் எழுதி வாங்குனீங்க. நல்லா கேக்குதுன்னு சொன்னேன்."

பெர்னார்ட் கோபப்பட ஆரம்பித்து, எதற்கென்று கோபப்படுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். குனிந்து, தானே கம்பியைச் சுவரில் செருகிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நான்கு பட்டறைகளிலிருந்து அதே ஸ்பீக்கருக்கு ஆர்டர் வந்தது. பெர்னார்டுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

லாசரஸ் யாரிடமும் கேட்காமல் ஒரு நாள் லீவு போட்டார். பிரிஜட்டும் அவரும் பஸ் ஏறி அரசாங்க மருத்துவமனைக்குப் போனார்கள். கையெழுத்துப் போட்டது குறுக்கே வரும், கேஸ் நிற்காமலும் போகலாம், வேலையும் போகலாம் என்று யாக்கூப் விசாரித்துச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் பிரிஜட் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்துவிட்டு, தான் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, மகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சோதனை அறை சின்னது, சுவரெல்லாம் மெத்தை போட்டது. ஒரு நர்ஸ் அவர் தலையில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும் என்று கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

லாசரஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு அப்பால் நர்ஸ் ஒவ்வொரு விசையாக அழுத்துவது தெரிந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி பார்த்தாள். நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிப் பழகிய பழக்கத்தில் கட்டை விரல் ஒரு முறை பொத்தான் மேல் போனது. அவர் விரலை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.